பாட்டா மேளமும் கணினித் தாளமும்

கேள்வி: கியூபாவின் நாட்டார் இசையை மின்னணு இசையோடு கலந்தால் அது கெட்டுப்போகாதா?

பதில்: கலப்பதால் கெடாது, தாளம் யார் கையில் இருக்கிறது என்பதே முக்கியம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கியூபாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட யொரூபா மக்கள் வழிவந்த பாட்டா மேளங்கள் மூன்று. மடியில் கிடத்தி இரு முகத்திலும் வாசிப்பார்கள். பெரியதான இயா அழைக்கும், இட்டோட்டெலே பதில் சொல்லும், சிறிய ஒகோன்கோலோ தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். அடிகள் மயிரிழை முன்பின்னாக விழுவதில்தான் அதன் உயிர் இருக்கிறது. கணினியின் சமக் கட்டங்களுக்குள் அடைத்தால் அது போய்விடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் லண்டனின் அரிவோ குழுவில் ஈரானியரான பூயா எஹ்சாயி, கியூபக் கலைஞர்கள் வாசிக்க வாசிக்கவே அந்த ஒலியை உருமாற்றுகிறார். அதைக் கேட்டு அவர்களும் வாசிப்பை மாற்றுகிறார்கள். 2012-இல் வந்த 'மாலா இன் கியூபா' அருமையான ஆல்பம்தான். ஆனாலும் ஹவானாவில் ராபர்டோ ஃபொன்சேகா குழுவினர் வாசித்துத் தந்ததை டப்ஸ்டெப் என்னும் மின்னணு இசைவகையின் கலைஞர் மாலா பிறகு தன் போக்கில் வெட்டிச் சேர்த்தது அது. கொடுக்கல் வாங்கல் என்று பார்த்தால் அரிவோவே மேல்.

பாட்டா தெய்வத்துக்கு உரிய மேளமாயிற்றே, அதை மேடையேற்றலாமா என்பது அடுத்த ஆட்சேபம். அதற்குக் கியூபர்களே வழி வகுத்திருக்கிறார்கள்: அருளேற்றிய மேளம் சடங்குக்கு, அருளேற்றாத மேளம் பொதுமேடைக்கு. 1930-களிலிருந்தே இந்த வழக்கம் உண்டு. மின்னணுக் கலைஞர்களும் அந்தக் கோட்டைத் தாண்டத் தேவையில்லை.