தெளிப்பதற்கு முன்னால்

பாய்லர் ட்யூபுக்கு எந்தக் கோட்டிங் நல்லது என்று இளம் பொறியாளர்கள் கேட்கும்போது நான் திருப்பிக் கேட்பேன்: ட்யூபைத் தின்பது சாம்பலா, உப்பா?

தடயம் வேறு வேறு. சாம்பல் அரித்த ட்யூப் ஒரு பக்கம் மட்டும் தட்டையாகி வழவழவென்று மினுங்கும். நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் பெரும்பாலும் 30 முதல் 45 சதவீதம். அதில் குவார்ட்ஸும் உண்டு. எகனமைசர் வளைவுகளும் சூட் புளோயர் அருகிலுள்ள ட்யூப்களும்தான் முதலில் அடிவாங்கும். வைக்கோல் போன்ற விவசாயக் கழிவை எரித்தால் பொட்டாசியமும் குளோரினும் உப்பாகச் சூப்பர்ஹீட்டரில் படியும். அந்தப் படிவைச் சுரண்டினால் அடியில் உலோகம் செதில் செதிலாக வரும்.

தேய்மானத்துக்குக் குரோமியம் கார்பைடும் நிக்கல் குரோமும் கலந்த ஹெச்.வி.ஓ.எஃப். (அதிவேக ஆக்சிஜன்-எரிபொருள் தெளிப்பு) பூச்சு நன்றாக நிற்கிறது. டங்ஸ்டன் கார்பைடு இன்னும் கடினம்தான், ஆனால் 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் கெட்டுவிடும். உப்புக்கு நிக்கலும் குரோமியமும் நிறைந்த, நெருக்கமான பூச்சு வேண்டும். நுண்துளை வழியாகக் குளோரின் இறங்கினால் பூச்சு அடியிலிருந்தே உரியும்.

எதைத் தெளித்தாலும் அதன் ஆயுள் முன்னதாகக் கிரிட் அடித்துச் சுத்தம் செய்யும் பிளாஸ்டிங்கில்தான் இருக்கிறது. ஷட்டவுனில் நேரம் நெருக்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். விட்டுக்கொடுக்காதீர்கள். முதலில் கழுவி உலர்த்துங்கள். இல்லையென்றால் கிரிட் ட்யூபில் படிந்த உப்பை உலோகத்துக்குள்ளேயே அழுத்திவிடும். வெறும் உலோகம் ஒரே நிறமாகத் தெரியும்வரை அடிக்க வேண்டும். தூத்துக்குடி, எண்ணூர் போன்ற கடலோரக் காற்றில் பிளாஸ்ட் செய்த ட்யூப் சில மணி நேரத்திலேயே துருவேறும். காலையில் அடித்து இரவு ஷிஃப்டில் தெளிப்பது வீண் செலவு.

தெளிக்குமுன் அல்ட்ராசோனிக் கருவியால் கனம் பாருங்கள். பூச்சு ட்யூபுக்குப் பலம் தராது. குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே போனதை வெட்டி மாற்றத்தான் வேண்டும். 300 மைக்ரான் பூச்சுக்குள் மறைத்தால் அடுத்த ஓவர்ஹாலில் சரியான அளவும் கிடைக்காது.

பூச்சு முடியும் ஓரம் படிபோல் நிற்கக் கூடாது. அங்கே சாம்பல் சுழன்று, பூச்சில்லாத உலோகத்தைப் பறிக்கும். மணல் சுழலும் சி.எஃப்.பி.சி. பாய்லரில் ரிஃப்ராக்டரி முடியும் விளிம்பை ஒட்டித் தண்ணீர்ச் சுவர் ட்யூப் ஓட்டையாவதும் இப்படித்தான்: சுவரோடு கீழிறங்கும் மணல் அந்த இடத்தில் திசை மாறுகிறது. தேய்ந்த பகுதியைத் தாண்டியும் தெளித்து, ஓரத்தைப் படிப்படியாக மெலிதாக்கச் சொல்லுங்கள்.

புகையின் வேகம் இருமடங்கானால் தேய்மானம் எட்டு மடங்கை நெருங்கும். ஆகவே கோட்டிங் கான்ட்ராக்டரைக் கூப்பிடுவதற்கு முன்பே உள்ளே இறங்கி, எங்காவது பாஃபிள் தகடு கழன்று புகை ஒரே சந்தில் பாய்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.