கடைசி வரிசையில் நிற்பவர்

பாகான் டத்தோ பக்கம் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு நடத்துகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். காலையில் திடலில் பந்து விளையாட்டு இருந்தால் வகுப்பில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். நானும் கோபப்பட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டேன். இப்போது வகுப்பைப் பத்தரைக்கு மாற்றியாகிவிட்டது. வேர்வையோடு வந்து உட்காருகிறார்கள். பரவாயில்லை, வருகிறார்களே.

சென்ற மாதம் பாடம் ‘கடமை’. வகுப்பு முடிந்து பாய் சுருட்டும்போது படிவம் மூன்று படிக்கும் தங்கச்சி ஒருத்தி வந்து நின்றாள். “அண்ணே, நான் பந்து விளையாடுறத நிறுத்திடலாம்னு இருக்கேன்” என்றாள். ஏன் என்று கேட்டேன். “என்னைப் பின்னால போட்டுட்டாங்க. ஜெயிச்சா கோல் போட்டவ பேரச் சொல்றாங்க, தோத்தா என் பேரச் சொல்றாங்க. வீட்ல அம்மா வேற, இது சோறு போடுமான்னு கேக்குறாங்க.”

கீதையில் சொன்னதை எடுத்துச் சொல்லி அனுப்பியிருக்கலாம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது வாயை அடைக்கிற பதிலாகிவிடும் என்று தோன்றியது. “அடுத்த வாரம் பேசுவோம் மா” என்றேன். அந்த வாரம் முழுக்க ஒரே ஒருவரைப் பற்றித்தான் தேடிப் படித்தேன். அதையே மறுவாரம் பாடமாக வைத்தேன். இங்கே எழுதுவதும் அதுதான்.

அவர் பெயர் லொய்தொங்பம் ஆஷாலதா தேவி. 1993 ஜூலை 3இல் பிறந்த மணிப்பூர்க்காரர். தலைநகர் இம்பாலில் பெண்களே கடை வைத்து நடத்தும் பெரிய சந்தை ஒன்று இருக்கிறது, ‘தாய்மார் சந்தை’ என்றே அதற்குப் பெயர். குத்துச்சண்டை மேரி கோம் பிறந்ததும் அதே மாநிலம்தான். அப்படிப்பட்ட மண்ணிலிருந்து வந்து, இந்தியப் பெண்கள் காற்பந்து அணியின் தலைவி ஆனார் ஆஷாலதா. ஆடும் இடம் நடுத் தற்காப்பு. அதாவது, நம் தங்கச்சி நிற்கும் அதே இடம்.

தற்காப்பு ஆட்டக்காரரின் வேலை என்ன? பந்தைப் பிடுங்குவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். பாதி நேரம் அவர் பந்தைத் தொடுவதே இல்லை. எதிராளி பந்தோடு வரும்போது பாய்ந்து காலை நீட்டுகிறவர் ஏமாந்துபோவார். நல்ல தற்காப்புக்காரர் உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலை மடக்கி, பின்வாங்கிக்கொண்டே எதிராளியைக் கோட்டோரம் தள்ளிக்கொண்டு போவார். கோல் தெரியாத மூலைக்கு அவரைக் கொண்டுபோய் விட்டாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது, வாய். இதை நான் வகுப்பில் பிள்ளைகளை நிற்க வைத்தே காட்டினேன். நான்கு பேர் ஒரே வரிசையில் நிற்கவேண்டும். எதிரணி பந்தை முன்னால் அனுப்புவதற்குச் சற்று முன் நால்வரும் ஒன்றாக ஓர் அடி முன்னேறினால், பின்னால் தங்கிவிட்ட எதிராளி ஆஃப்சைடில் மாட்டுவார். ஒருத்தி மட்டும் தூங்கிவிட்டால்? மூன்று பேர் சரியாகச் செய்தும் கோல் விழும். அதனால்தான் நடுவில் நிற்பவர் ஆட்டம் முழுக்கக் கத்திக்கொண்டே இருக்கிறார். திடல் முழுவதும் அவர் கண்ணுக்கு முன்னால்தான் இருக்கிறது, மற்றவர்களுக்கு அப்படி இல்லை. தலைவிப் பட்டை பல அணிகளில் தற்காப்புக்காரர் கைக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் தோட்டங்களில் முனீஸ்வரன் கோயில் எங்கே இருக்கும்? எல்லையில். கூட்டமும் விளக்கும் ஊருக்கு நடுவில் இருக்கும், காவல்காரர் இருட்டுப் பக்கம் பார்த்து நிற்பார். இதைச் சொன்னதும் ஒரு பையன், “அப்ப முனியாண்டி சென்டர் பேக்கா அண்ணே?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, ஆமாம் என்றேன்.

இனி ஆஷாலதாவின் கதைக்கு வருவோம். 2019 அவருக்குப் பெரிய ஆண்டு. மார்ச்சில் நேப்பாளத்தின் பிராட்நகரில் நடந்த தெற்காசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இந்தியா 3-1 என்று நேப்பாளத்தை வென்று, தொடர்ந்து ஐந்தாவது முறையாகக் கிண்ணத்தை எடுத்தது. முதல் கோலை ஃப்ரீகிக்கில் போட்ட டாலிமா சிப்பரும் ஒரு தற்காப்பு ஆட்டக்காரர்தான். மே மாதம் லூதியானாவில் இந்தியப் பெண்கள் லீக் பட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது. வென்றது மதுரையைத் தளமாகக் கொண்ட சேது எஃப்சி. அந்த அணியிலும் ஆஷாலதா இருந்தார். இந்தியக் காற்பந்துச் சம்மேளனத்தின் சிறந்த வீராங்கனை விருதும் அந்தப் பருவத்தில் அவருக்கே கிடைத்தது. ஆசியாவின் சிறந்த வீராங்கனைக்கான பெயர்ப் பட்டியலிலும் வந்தார். விருதை வாங்கியது ஜப்பானின் சாகி குமகாய். 2011 உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தில் வெற்றி பெனால்டியை அடித்த குமகாயும் தற்காப்புதான். பின்னால் நிற்பவர் பெயரை யாரும் சொல்வதில்லை என்ற தங்கச்சியின் கணக்கு முழுதும் சரியில்லை என்று இங்கே கொஞ்சம் சொல்லிவைத்தேன்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 2022.

அந்த ஆண்டு ஜனவரியில் ஆசியக் கிண்ணம் இந்தியாவில் நடந்தது. உலகக் கிண்ணத்துக்குப் போகும் வழியும் அதுதான். ஜனவரி 20ஆம் தேதி நவி மும்பையில் ஈரானோடு முதல் ஆட்டம், 0-0. வெல்லவேண்டிய ஆட்டம் என்று குறைப்பட்டார்கள். தற்காப்புக்காரருக்கு மட்டும் அந்த பூஜ்யம் ஒரு சம்பாத்தியம். மூன்று நாள் கழித்து சீன தைப்பேயோடு ஆட்டம். அதற்குள் அணிக்குள் கோவிட் புகுந்துவிட்டது. விதிப்படி வேண்டிய 13 பேரைக்கூட நிறுத்த முடியவில்லை. சொந்த நாட்டில், சொந்தத் திடலில், ஆட்டம் ரத்து. இந்தியா போட்டியிலிருந்து விலகியதாகக் கணக்கிடப்பட்டு, ஈரானோடு ஆடிய ஆட்டத்தின் முடிவும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. தொண்ணூறு நிமிடம் கட்டிக் காத்த பூஜ்யமும் போயிற்று. (இந்தப் போட்டியை நடத்தும் ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் தலைமையகம் நம்ம புக்கிட் ஜாலிலில்தான் இருக்கிறது.)

அதே ஆண்டு மே 26, புவனேஸ்வர். லீக்கின் கடைசி நாள். ஆஷாலதா இப்போது கோகுலம் கேரளா அணியின் தலைவி, எதிரே அவருடைய பழைய அணி சேது. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் சேது ஒரு கோல் போட்டுவிட்டது. சமன் செய்யும் பெனால்டியை எடுக்க வந்தவர் ஆஷாலதா. அடித்தார். முடிவு 3-1, பட்டம் கோகுலத்துக்கு. சரி, கஷ்டம் தீர்ந்தது என்று நினைப்போம். ஆகஸ்டில் ஆசிய கிளப் போட்டிக்காக கோகுலம் அணி உஸ்பெகிஸ்தான் போய் இறங்குகிறது, ஃபிஃபா இந்தியச் சம்மேளனத்தைத் தடை செய்துவிட்டது. நிர்வாகத்தில் நடந்த குளறுபடிக்கு ஆட்டக்காரிகள் தாஷ்கண்டில் ஓட்டலில் உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு நாளில் தடை நீங்கியது. அதற்குள் போட்டி கைவிட்டுப் போய்விட்டது.

இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிட்டது. தங்கச்சி கேட்டாள்: “அந்த ஈரான் ஆட்டம் கணக்குலயே இல்லையா அண்ணே?”

“இல்லை மா.”

“அப்புறமும் விளையாடினாங்களா?”

2024 அக்டோபர் 17, காட்மாண்டு. பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியா 5-2 வெற்றி. ஆஷாலதாவின் நூறாவது அனைத்துலக ஆட்டம் அது. இந்தியப் பெண்களில் நூறைத் தொட்ட முதல் ஆள் அவர்தான். அந்தத் தொடரில் அரையிறுதியில் நேப்பாளத்திடம் பெனால்டியில் தோற்றுத் திரும்பினார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

கீதை சொல்லும் கடமைக்கு நான் அன்று கொடுத்த விளக்கம் இவ்வளவுதான்: பலன் வேண்டாம் என்பதல்ல, பலனை எழுதும் புத்தகம் நம் கையில் இல்லை என்பது. ஈரான் ஆட்டத்தின் முடிவை நீக்கலாம். அந்த ஆட்டத்தை ஆடிய கால் ஆஷாலதாவுடையதுதானே. முடிவு நீக்கப்பட்ட அந்த ஆட்டத்தையும் ஆடித்தான் அவர் நூறாவது ஆட்டத்துக்கு வந்தார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சுவாமி விவேகானந்தர் 1897இல் சென்னையில் பேசும்போது, கீதை படிப்பதைவிடக் காற்பந்து ஆடினால் சொர்க்கத்துக்குக் கிட்டே போகலாம் என்ற பொருளில் இளைஞர்களுக்குச் சொன்னார். நாம் இதை மேடைக்கு மேடை சொல்கிறோம். சொல்லும்போது யாரைப் பார்த்துச் சொல்கிறோம்? பையன்கள் பக்கம்தான் தலை திரும்புகிறது. 1983 ஆசியப் பெண்கள் போட்டியில் இந்தியா இரண்டாம் இடம், மலேசியா மூன்றாம் இடம். அந்தக் காலத்திலேயே நம் நாட்டுப் பெண்கள் அந்த உயரத்துக்குப் போயிருக்கிறார்கள். நம் வட்டாரத்தில் பந்து கேட்கும் பெண் பிள்ளையை இன்னமும் வரிக்கோலம் போடத்தான் அனுப்புகிறோம். கோலத்தைக் குறை சொல்லவில்லை. இரண்டையும் செய்யட்டும் என்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா செம்பனைத் தோட்டத்தில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். “உக்காருங்க தம்பி” என்று தேத்தண்ணி கொடுத்துவிட்டு நேராகவே கேட்டார்: “இதுல காசு வருமா?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. “பெரிசா வராதுக்கா” என்றேன். தமிழ்நாட்டில் கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர், காவல் துறையில் சப் இன்ஸ்பெக்டரும்கூட, கோவிட் நேரத்தில் ரோட்டில் நின்று பணி செய்தவர் என்று சொன்னேன். பந்தும் வேலையும் சேர்ந்துதான் அங்கே பல பெண்களுக்குச் சோறு போடுகிறது, பந்தால் கிடைத்த வேலையும் உண்டு என்றேன். அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். காசைவிட அவருக்குப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பயிற்சி முடியும்போது பஸ் இல்லை. இருட்டில் செம்பனைக்குள் பிள்ளை தனியாக நடந்து வரவேண்டும். கறுத்துப்போவாள், சோறு போடுமா என்றதெல்லாம் இதைச் சொல்ல முடியாமல் சொன்னது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கிளையில் வண்டி வைத்திருப்பவர்கள் நாலு பேர். இரண்டு பேர் பெண்கள். முறை போட்டுக்கொண்டோம். மார்க் குறைந்தால் நிறுத்திவிடுவேன் என்று அக்கா சொல்லியிருக்கிறார், அது நியாயம்தான். புதன்கிழமை என் முறை, என் தங்கையும் கூட வருகிறாள். ஆறே காலுக்குத் திடலில் இருக்கணும்.