வங்கிக் கணினிக்கும் ராக்காவல் உண்டு



நம் குழுச் சேமிப்பு வங்கியில் இருக்கிறது. வங்கிக் கணக்கெல்லாம் இன்று கணினியில் இருக்கிறது. பணப் பெட்டகத்துக்குப் பூட்டு உண்டு, வாசலில் காவலாளி உண்டு. கணினியில் இருக்கும் கணக்குக்கு யார் காவல்? அதற்கென்றே படித்து வந்தவர்கள்தான் சைபர் பாதுகாப்புப் பொறியாளர்கள். பெண்களும் இந்த வேலையில் இருக்கிறார்கள்.

அவர்கள் என்ன செய்கிறார்கள்?

வங்கிக் கணினிக்குள் யார் நுழைந்தார், எந்தக் கணக்கைத் திறந்தார், எவ்வளவு பணம் போனது என்பதெல்லாம் தானாகப் பதிவாகும். நம் குழுவின் தீர்மானப் புத்தகம் மாதிரி. வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்தால் எச்சரிக்கை வரும். ராத்திரி 2 மணிக்கு ஒரு அதிகாரியின் பெயரில் யாரோ உள்ளே வந்தால், அது அவர்தானா, திருடனா என்று பொறியாளர் விசாரிக்க வேண்டும். பல எச்சரிக்கைகள் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். அதற்காக அலுத்துப்போய் ஒன்றைக்கூட விட்டுவிடக் கூடாது. ஆபத்து நிஜம் என்றால் அந்தக் கணினியை உடனே துண்டிக்க வேண்டும். ஞாயிறு, தீபாவளி என்று பார்க்காமல் ஷிப்டு போட்டு வேலை நடக்கும்.

காவலை மீறினால் என்ன ஆகும்?

2018 ஆகஸ்ட் 11, சனிக்கிழமை. புனேயில் உள்ள காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில் நடந்தது இது. ஏ.டி.எம்.மில் கார்டு போட்டால், 'பணம் கொடுக்கலாமா?' என்று இயந்திரம் வங்கிக் கணினியைக் கேட்கும். திருடர்கள் கள்ள மென்பொருளைப் புகுத்தி, அந்தக் கேள்வியை நடுவிலேயே மறித்து, 'கொடு' என்று தாங்களே பதில் சொன்னார்கள். கூட்டமே போடாமல், "தீர்மானம் ஆயிடுச்சு, கடனைக் கொடுங்க" என்று சொல்லிப் பணத்தை வாங்கிப்போன மாதிரி! போலிக் கார்டுகளை வைத்துப் பல நாடுகளில் சில மணி நேரத்தில் 80 கோடி ரூபாய் அளவுக்கு எடுத்துவிட்டார்கள். 13-ம் தேதி இன்னும் 13.92 கோடி ரூபாய் ஹாங்காங் கணக்குக்குப் போனது.

கொடுத்த பணமும் கணக்கில் கழிந்த பணமும் ஒத்துப்போகிறதா என்று இடைவிடாமல் பார்த்தால்தான் இப்படிப்பட்ட திருட்டு சீக்கிரம் பிடிபடும்.

நமக்கு என்ன பாடம்?

தாக்குதல் நடந்தால் 2 முதல் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2016-லேயே ரிசர்வ் வங்கி வர்த்தக வங்கிகளுக்கு உத்தரவிட்டது. பெரிய வங்கியே மறைக்கக் கூடாது என்றால், நாம் ஏன் மறைக்க வேண்டும்? "வீட்டுக்காரர் திட்டுவாரே, குழுவில் கேவலமாயிடுமே" என்று இரண்டு நாள் சும்மா இருந்தால், பணம் கை மாறிப் போய்விடும்.

* மாதக் கூட்டத்தில் பாஸ்புக்கையும் குழுப் பேரேட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.
* ஓ.டி.பி., பின் நம்பரை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். நாமே சாவியைக் கொடுத்துவிட்டால் எந்தப் பொறியாளராலும் தடுப்பது கஷ்டம்.
* பணம் பறிபோனால் அந்த நிமிடமே 1930-க்குப் போன் செய்யுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள்.

குழுவில் கலந்து பேசுங்கள்:

1. நம் பாஸ்புக்கில் கடைசியாக வரவு செலவு பதிந்தது எப்போது?
2. ஒரு உறுப்பினர் ஏமாந்துவிட்டால், திட்டாமல் அவருக்கு நாம் எப்படித் துணை நிற்போம்?