நாலு மணிக்குப் பாப்பாவை யார் கூட்டி வருவது?

கேள்வி: எனக்கு 17 வயது. திருப்பூரில் ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்து, இப்போது பிளஸ் டூ முடித்திருக்கிறேன். அம்மாவும் அக்காவும் ஒரே பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறார்கள். வீடு வர இரவு ஒன்பது ஆகிவிடும். அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் நைட் ஷிப்ட். மூன்றாவது படிக்கும் தம்பியையும், அக்காவின் மூன்று வயதுப் பாப்பாவையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கோவையில் பொறியியல் இடம் கிடைக்கும் என்கிறார் டீச்சர். “பாப்பா பள்ளிக்கூடம் போகட்டும், ஒரு வருஷம் பொறுத்துக்க” என்கிறார் அம்மா. பாப்பாவை விட்டுப் போக மனசில்லை. போகாமல் இருக்கவும் மனசில்லை.

பதில்: உன் கடிதத்தில் அப்பா ஒரே வரியில் வந்து போகிறார். நைட் ஷிப்ட் பார்க்கிறவர் பகலில் தூங்கத்தான் வேண்டும். ஆனால் மாலை நாலு மணிக்கு எழுந்திருப்பார் அல்லவா? அவரைக் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. வீட்டில் ஒரு பெண்பிள்ளை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தால், மற்றவர்களிடம் இருக்கும் நேரம் யார் கண்ணிலும் படாது. படிப்பா பாப்பாவா என்று நீ மனசோடு மல்லுக்கட்டுகிறாய். உன் வீட்டில் தீர்க்க வேண்டியது ஒரு நேரக் கணக்கு.

ஒரு தாளில் காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை, பிள்ளைகளுக்காக நீ செய்வதை மணி வாரியாக எழுது. பிறகு, நீ இல்லாமலே நடக்கக்கூடியவற்றை அடித்துக்கொண்டே வா. தம்பி அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்தால் காலை உணவும் மதிய உணவும் அங்கேயே கிடைக்கும். பாப்பா பள்ளிக்கூடம் போகும்வரை காத்திருக்கவே வேண்டாம். அங்கன்வாடி முன்பருவக் கல்வியில் இரண்டு வயது முடிந்த குழந்தைகளைச் சேர்க்கிறார்கள். மதியச் சாப்பாடும் உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் தினமும் நான்கு முறை போய்ப் பார்க்க விட வேண்டும் என்பது 2017 முதல் சட்டம். கம்பெனியில் அது இயங்குகிறதா, எத்தனை வயதுவரை சேர்க்கிறார்கள் என்று அக்கா விசாரிக்கட்டும்.

இத்தனையும் கழித்தால், மாலை நாலிலிருந்து ஒன்பது வரைதான் மிச்சம். அப்பா வேலைக்குக் கிளம்பும்வரை ஒரு பகுதியைப் பார்த்துக்கொள்ளலாம். மீதிக்கு அம்மாவோ அக்காவோ வாரத்தில் சில நாள் ஒரு ஷிப்டோடு வர வேண்டியிருக்கும். சனிக்கிழமைச் சம்பளத்தில் அதனால் எவ்வளவு குறையும் என்பதையும் அதே தாளில் எழுது. பணக் கஷ்டத்தை மறைத்துப் பேசினால் அம்மா நம்பமாட்டார்.

வரவுப் பக்கத்தையும் சொல். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021இல் அறிவித்தார்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் வங்கிக் கணக்குக்கு வரும். வேறு உதவித்தொகை பெற்றாலும் இதற்குத் தடையில்லை. இந்தப் பணம் ஒன்றரை ஷிப்டுக்கு ஈடாகாது. ஆனால் உன் படிப்புச் செலவு அம்மாவின் சம்பளத்தில் கைவைக்காது என்று காட்ட இது போதும்.

ஞாயிற்றுக்கிழமை, நால்வரும் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது பேச்சை எடு. “நான் போகட்டுமா?” என்று கேட்டால் பதில் சம்மதமாகவோ மறுப்பாகவோ முடிந்துவிடும். “சாயங்காலம் நாலு மணிக்குப் பாப்பாவை யாரு கூட்டீட்டு வர்றதுங்கப்பா?” என்று கேள். அதற்கு ஒரு ஆளின் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அக்காவிடம் தனியாக முன்கூட்டியே பேசிவிடு. குழந்தை அவளுடையது, சபையில் வைத்துக் கேட்டால், குற்றம் சாட்டுவதாகத்தான் அவளுக்குப் படும்.

ஒரு வருஷம் பொறுப்பதைப் பற்றி: இந்த ஆண்டுக் கலந்தாய்வில் கிடைக்கும் இடத்தை யாரும் அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்கமாட்டார்கள். நீ மறுபடி விண்ணப்பிக்கலாம். அதே கல்லூரி, அதே பிரிவு கிடைக்குமென்று உறுதியில்லை. அதற்குள் வீடும் நீ இருப்பதற்கே பழகிவிடும்.

பாப்பாவுக்காக ஒன்று செய். நீ கிளம்பும் நாளில் சட்டென்று ஆள் மாறினால் குழந்தை மிரண்டுபோகும். இப்போதிருந்தே அப்பா அவளை அழைத்து வரட்டும், சோறூட்டட்டும். நீ பக்கத்து அறையில் இரு. முதல் வாரம் அவள் அழுவாள், அப்பா உன்னைக் கூப்பிடுவார். ஓடிப்போய் நிற்காதே. கோவை 50 கிலோமீட்டர்தான், வாராவாரம் வருவேன் என்று வாக்குக் கொடுக்கத் தோன்றும். தேர்வு நேரத்தில் முடியாது. மாதம் இரண்டு தடவை என்று சொல், தவறாமல் வா.

வீட்டில் பேச்சு எடுபடாவிட்டால் டீச்சரை வீட்டுக்கு வரச் சொல். பெண்ணின் வாயிலிருந்து வந்தால் பிடிவாதமாகத் தெரிவது, டீச்சர் சொல்லும்போது யோசனையாகிவிடும். மேற்படிப்புச் சந்தேகங்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் கேட்கலாம்.

அம்மாவுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் மகள் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவில்லை, யார் எப்போது பார்ப்பது என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறாள். கலந்தாய்வில் இடம் ஒதுக்கியபின் அதை உறுதிசெய்யச் சில நாள்தான் தருவார்கள். அதற்கு முந்தின ஞாயிறே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.