'லோங்கர்', 'லெஸ்', 'லேட்டர்' – காலத்தை அளக்கும் ஆங்கிலச் சொற்கள்



வேலை விண்ணப்பம், மருந்துப் பெட்டி, வெளிநாட்டுப் பயணப் பத்திரம், சேவைக்காலப் பணம் பற்றிய கடிதம் என்று எமது லயத்துக்கு வரும் தாள்களில் பல ஆங்கிலத்தில்தான் வருகின்றன. அவற்றிலுள்ள இலக்கத்தை நாம் எல்லோரும் வாசித்து விடுகிறோம். இலக்கத்துக்கு முன்னால் நிற்கும் இரண்டு மூன்று சின்னச் சொற்களைத்தான் கவனிக்காமல் விடுகிறோம். காசு கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் சில நேரம் அந்தச் சொற்களில்தான் இருக்கிறது. ஆகவே இம்முறை அவற்றைப் படிப்போம்.

1. தமிழில் 'விட', ஆங்கிலத்தில் 'தேன்'

"பஸ்ஸை விட ரயிலுக்குக் கூட நேரம் எடுக்கும்" என்று நாம் சொல்லுவோம். 'கூட' என்ற சொல் மாறுவதில்லை. 'விட' என்பது ஒப்பிடும் வேலையைச் செய்கிறது. ஆங்கிலத்திலோ சொல்லே மாறுகிறது. 'லோங்' என்றால் நீளம். 'லோங்கர்' என்றால் அதை விட நீளம். 'ஷோர்ட்' என்பது 'ஷோர்ட்டர்' ஆகும். அதன்பின் 'தேன்' வரும்.

"த ட்ரெயின் டேக்ஸ் லோங்கர் தேன் த பஸ்."

காலத்தை ஒரு கயிறு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் பேசுபவர்கள் அந்தக் கயிறு நீளமா, கட்டையா என்றுதான் பார்க்கிறார்கள். அதனால் 'பிக்கர் டைம்' என்றோ 'ஸ்மோலர் டைம்' என்றோ சொல்லுவதில்லை. 'லோங்கர் டைம்', 'ஷோர்ட்டர் டைம்', அல்லது 'மோர் டைம்', 'லெஸ் டைம்' என்பதே சரி. 'மோர் லோங்கர்' என்று இரண்டையும் சேர்ப்பதும் பிழை. ஒன்று போதும்.

2. இலக்கம் எங்கே நிற்கிறது?

"ஸ்டே டூ டேஸ் லோங்கர்" – இருக்கும் நாளோடு இன்னும் இரண்டு நாள் கூட இரு.

"டோன்ட் ஸ்டே லோங்கர் தேன் டூ டேஸ்" – இரண்டு நாளுக்கு மேல் இராதே.

இலக்கம் முன்னால் நின்றால் அது கூட்டும் அளவு. 'தேன்' என்ற சொல்லுக்குப் பின்னால் நின்றால் அது எல்லை. ஆஸ்பத்திரியில் துண்டு எழுதித் தந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

'நோ லோங்கர்' என்று தனியாக வந்தால் கருத்தே வேறு. "ஹி நோ லோங்கர் வர்க்ஸ் ஹியர்" என்றால் "அவர் இப்போது இங்கே வேலை செய்வதில்லை" என்பதுதான். 'நோ லோங்கர் தேன் 3 டேஸ்' என்றால் ஆகக் கூடியது மூன்று நாள்.

3. வாரம் எண்ணக்கூடியது, ஆனாலும் 'லெஸ்'

எண்ணக்கூடிய பொருளுக்கு 'ஃபியூவர்' என்றும், எண்ண முடியாததற்கு 'லெஸ்' என்றும் பாடசாலையில் பிள்ளைகள் படிக்கிறார்கள். புத்தகம் என்றால் 'ஃபியூவர் புக்ஸ்', தண்ணீர் என்றால் 'லெஸ் வோட்டர்'. அப்படியானால் இரண்டு வாரத்துக்கு? "லெஸ் தேன் டூ வீக்ஸ்" என்பதே வழக்கம். வாரத்தை ஒவ்வொன்றாக எண்ணாமல், இரண்டு வாரத்தையும் சேர்த்து ஒரே நீளமாகப் பார்ப்பதே காரணம். அதனால்தான் "டூ வீக்ஸ் இஸ் எ லோங் டைம்" என்று ஒருமையிலும் சொல்லுகிறார்கள்.

4. எல்லை நாள் சேருமா, சேராதா?

இந்தப் பகுதியை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

நோ லேட்டர் தேன் 30 ஜூன் – 30ஆம் திகதியும் சேரும். அதற்குப் பிந்தக் கூடாது.
பிஃபோர் 30 ஜூன் – 30ஆம் திகதி சேராது. 29 கடைசி.
நொட் லெஸ் தேன் 18 இயர்ஸ் – 18 நிறைந்தால் போதும்.
அண்டர் 5 இயர்ஸ் – ஐந்து வயது நிறையாத பிள்ளை.
நொட் மோர் தேன் 8 – எட்டு வரை சரி, ஒன்பது கூடாது.

விண்ணப்பத்தில் 'ரீச்' என்ற சொல் இருந்தால் கடிதம் அந்த நாளுக்குள் அவர்கள் கையில் கிடைக்க வேண்டும். அன்றைக்குத்தானே தபாலில் போட்டோம் என்று சொல்லிப் பயனில்லை. தோட்டத்துக் கடிதம் டவுனுக்குப் போகவே நாள் எடுக்குது, ஆகவே ஒரு வாரம் முன்னதாகவே அனுப்புங்கள்.

இனி சட்டத்துக்கு வருவோம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தில், பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஐந்து வருடத்துக்குக் குறையாத சேவை உள்ளவருக்கு சேவைக்காலப் பணம் உண்டு. ஆங்கிலத்தில் இது 'நொட் லெஸ் தேன் ஃபைவ் கம்ப்ளீட்டட் இயர்ஸ்'. சரியாக ஐந்து வருடம் நிறைந்தவருக்கும் உரிமை உண்டு. "ஐந்துக்கு மேல் இருக்க வேண்டும்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஆனால் நாலு வருடமும் பதினொரு மாதமும் ஐந்தாகாது. ஒரு மாதம் பொறுத்திருந்தால் கிடைக்கும் காசை, அவசரப்பட்டுப் பெயரை வெட்டி இழக்கலாமா?

பயணப் பத்திரமும் அப்படித்தான். போய் இறங்கும் நாளில் அது 'நொட் லெஸ் தேன் 6 மந்த்ஸ்' செல்லுபடியாக இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. வெளிநாடு போகும் பிள்ளைகள் டிக்கட் எடுக்குமுன் காலாவதித் திகதியைப் பாருங்கள்.

மருந்துப் பெட்டியில் 500 மில்லிகிராம் பரசிட்டமோல் பற்றி 'நொட் மோர் தேன் 8 டெப்லட்ஸ் இன் 24 அவர்ஸ்' என்று இருந்தால், அது பெரியவர்களுக்கு ஒரு பகலும் ஒரு இரவும் சேர்ந்த கணக்கு. அளவு மீறினால் ஈரல் கெடும். சிறுபிள்ளைகளுக்கு அளவு வேறு; டொக்டரிடம் கேட்டே கொடுங்கள்.

5. பயிற்சி

(அ) 'நோ லேட்டர் தேன் 15 மே' – 15ஆம் திகதி கொண்டுபோய்க் கொடுக்கலாமா?
(ஆ) 'வெயிட் 10 மினிட்ஸ் லோங்கர்' – மொத்தம் பத்து நிமிடமா, இன்னும் பத்து நிமிடமா?
(இ) 'த ஷொப் இஸ் நோ லோங்கர் ஓப்பன்' – கடை கூட நேரம் திறந்திருக்குமா?

விடைகள்: (அ) கொடுக்கலாம். (ஆ) இன்னும் பத்து நிமிடம். (இ) இல்லை, கடையை மூடிவிட்டார்கள்.

வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் அடுத்த முறை வரும் ஆங்கிலத் தாளை அந்தப் பிள்ளையிடம் கொடுத்து, இலக்கத்தின் முன்னும் பின்னும் உள்ள சொல்லை வாசிக்கச் சொல்லுங்கள். விளங்காவிட்டால் கையொப்பம் போடுமுன் எம்மிடம் கொண்டு வாருங்கள். சேர்ந்தே வாசிப்போம்.