உப்பில் போட்ட மாவடுவும் உலர்ந்த கண்ணும்

மாவடுவில் உப்பைப் போட்டு ஜாடியில் மூடி வைத்தால், மறுநாளே தண்ணீர் விட்டிருக்கும். நாம ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. அப்புறம் தண்ணி எங்கேயிருந்து வந்தது? வடுவுக்குள்ளே இருந்துதான்! வெளியே உப்பு அதிகம், உள்ளே குறைவு. அதனால் செல்களில் இருந்த தண்ணீர் சவ்வு வழியாக வெளியே வந்துவிட்டது, வடு சுருங்கிவிட்டது. இதைத்தான் வகுப்பில் சவ்வூடு பரவல் என்று படித்தோம்.

இதே விஷயம் நம் கண்ணிலும் நடக்கும் என்றால் நம்புவீர்களா? உலர் கண் நோயில் இதுதான் நடக்கிறது.

கண்ணீரில் என்ன இருக்கிறது?

கண்ணீர் அழும்போது மட்டும் வருவது இல்லை. எந்நேரமும் கண்மேல் ஒரு மெல்லிய படலமாக இருக்கிறது. அதில் முக்கியமாக மூன்று பொருள்கள்:

1. எண்ணெய். இமை ஓரத்தில் உள்ள மைபோமியன் சுரப்பிகள் தருகின்றன. தண்ணீர் ஆவியாகாமல் மூடி போலக் காக்கும்.
2. உப்பு கலந்த தண்ணீர். கண்ணீர்ச் சுரப்பி தருகிறது.
3. மியூசின் என்ற வழவழப்பான பொருள். கோப்பை செல்கள் தருகின்றன. கண்ணீர் வழுக்கி ஓடாமல் கண்ணோடு ஒட்டி இருக்க உதவும்.

ஒரு கண்ணில் இருக்கும் கண்ணீர் சுமார் 7 மைக்ரோலிட்டர்தான். மருந்து பாட்டிலில் இருந்து விழும் ஒரு சொட்டில் கால் பங்குகூட இல்லை!

உப்பு எப்படிக் கூடுகிறது?

உப்பளத்தில் தண்ணீர் ஆவியாகும், உப்பு நிற்கும். கண்ணிலும் அப்படித்தான். எண்ணெய் குறைந்தாலோ, கண்ணீர் சுரப்பது குறைந்தாலோ, இமைக்காமல் இருந்தாலோ மிச்சம் இருக்கும் கண்ணீரில் உப்பின் செறிவு ஏறிவிடும். இதை மில்லிஆஸ்மோல் என்ற அலகில் அளக்கிறார்கள். நல்ல கண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 300 இருக்கும். 308ஐத் தாண்டினால் உலர் கண்ணாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் சந்தேகப்படுவார்கள். கொஞ்சம் கூடினாலே செல்லுக்குத் தெரிந்துவிடுகிறது பாருங்கள்!

செல் என்ன செய்யும்?

மாவடு பாவம், சும்மா சுருங்கிவிடும். ஆனால் கண்ணின் மேற்பரப்பு செல்லுக்கு உயிர் இருக்கிறதே, அது போராடும்.

முதல் படி: செல் தண்ணீரை இழந்து சுருங்கும்.

இரண்டாம் படி: சோடியம், பொட்டாசியம், குளோரைடு அயனிகளை உள்ளே இழுக்கும். அவற்றோடு தண்ணீரும் திரும்பி வரும். ஆனால் உள்ளே உப்பு அதிகமானால் செல்லின் புரதங்கள் கெடும்.

மூன்றாம் படி: என்.எஃப்.ஏ.டி.5 என்ற புரதம் உட்கருவுக்குள் போய்ச் சில ஜீன்களை வேலை செய்ய வைக்கும். அதனால் பீட்டெய்ன், டாரின் போன்ற பொருள்கள் செல்லுக்குள் சேரும். இவை தண்ணீரைப் பிடித்து வைக்கும், ஆனால் புரதத்தைக் கெடுக்காது. உப்பு செய்த வேலையைச் சாதுவான ஆளிடம் கொடுத்த மாதிரி.

நான்காம் படி: உப்பு குறையவே இல்லை என்றால் செல் அபாய மணி அடிக்கும். அழற்சியை உண்டாக்கும் பொருள்கள் வெளியே வரும். கண் சிவக்கும், எரியும், மணல் விழுந்த மாதிரி உறுத்தும். எம்.எம்.பி.9 என்ற நொதி, செல்களை இணைத்து வைத்திருக்கும் பிணைப்புகளை அறுக்கும். கடைசியில் செல்கள் மடியும்.

கோப்பை செல்களும் மடிவதால் மியூசின் குறையும். கண்ணீர்ப் படலம் இன்னும் சீக்கிரம் கிழியும். உப்பு இன்னும் ஏறும். செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி அதே கதை! இந்த உப்புச் செறிவு அவ்வளவு முக்கியம் என்பதால், 2017இல் உலக நிபுணர்கள் குழு உலர் கண் நோய்க்குக் கொடுத்த வரையறையிலேயே இதைச் சேர்த்தது.

தண்ணி வழிந்தாலும் உலர் கண்ணா?

ஆமாம்! இதுதான் பல பேருக்குத் தெரியாது. "கண்ணுல தண்ணி கொட்டுது, இதைப் போய் உலர் கண்ணுன்னு சொல்றாங்களே" என்று பாட்டிமார் சிரிப்பார்கள். கண் காய்ந்து உறுத்தும்போது நரம்புகள் சுரப்பிக்குச் செய்தி அனுப்பும். உடனே தண்ணீர் கொட்டும். அது கன்னத்தில் வழிந்து போய்விடும், படலமாக நிற்காது. ஆகவே கண் கலங்கிக்கொண்டே இருந்தால், வயசானா அப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

* சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முதல் 20 முறை இமைப்போம். டிவி, செல்போன் பார்க்கும்போதும் படிக்கும்போதும் இது ரொம்பக் குறைந்துவிடும். ஞாபகம் வைத்து முழுசாக இமையுங்கள்.
* ஃபேன் காற்று நேராகக் கண்ணில் படும்படி படுக்காதீர்கள். அடுப்புப் புகையில் இருந்து தள்ளி இருங்கள்.
* எரிச்சலுக்குத் தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர் எதுவும் கண்ணில் விடக் கூடாது. கிருமி சேர்ந்தால் பார்வைக்கே ஆபத்து.
* மருந்துக் கடையில் நாமே சொட்டு மருந்து கேட்டு வாங்கக் கூடாது. சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். ரொம்ப நாள் போட்டால் கண் அழுத்தம் கூடும், புரையும் வரலாம். கண் டாக்டரிடம் காட்டினால் தகுந்த செயற்கைக் கண்ணீர் தருவார்.
* சின்னப் பிள்ளைகளுக்குக் கண் காய்ந்து, மாலையில் பார்வை மங்கினால் வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். முருங்கைக்கீரை, பப்பாளி, கேரட் நல்லது.

செய்து பாருங்கள்

உலர்ந்த திராட்சை நாலை நல்ல தண்ணீரில் இரவு முழுக்க ஊற வையுங்கள், உப்பும். பிறகு அவற்றைக் கெட்டியான உப்புத் தண்ணீரில் போடுங்கள். என்ன ஆகிறது என்று நோட்டில் எழுதுங்கள். (திராட்சையில் மட்டும்! கண்ணில் யாரும் சோதனை செய்ய வேண்டாம்.)

யோசித்துச் சொல்லுங்கள்

கண்ணீரும் உப்பு, கடல் தண்ணீரும் உப்பு. அப்படியென்றால் கடலில் குளித்தால் மட்டும் கண் ஏன் எரிகிறது? விடை தெரிந்தவர்கள் அறிவியல் டீச்சரிடம் சொல்லுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி