‘டிஸ்கரேஜ்’ என்றால் தடையா?

கம்பெனிச் சுற்றறிக்கைகளில் அடிக்கடி வரும் ஆங்கிலச் சொல் ‘டிஸ்கரேஜ்’. ‘கரேஜ்’ என்பது துணிவு. முன்னால் நிற்கும் ‘டிஸ்’ அதைப் போக்கடிக்கிறது. ஊக்கங்கெடுத்தல், மனந்தளரச் செய்தல் என்று பொருள்.

விற்பனை சோர்வு தருகிறது என்றால் ‘சேல்ஸ் ஆர் டிஸ்கரேஜிங்’. சோர்ந்திருப்பது நாம் என்றால் ‘வீ ஆர் டிஸ்கரேஜ்டு’. இங்கே ‘டிஸ்கரேஜிங்’ போட்டால், பிறரைச் சோர்வடையச் செய்வதே நாம்தான் என்றாகிவிடும்!

இதைவிட முக்கியம் ஒன்று. ‘ரிட்டர்ன்ஸ் ஆர் டிஸ்கரேஜ்டு’ என்று கம்பெனி எழுதினால், சரக்கு திரும்பி வருவதை அவர்கள் விரும்பவில்லை என்பதே பொருள். அடியோடு மறுப்பதானால் ‘நாட் அக்செப்டட்’ என்று எழுதுவது வழக்கம். எனவே தடை என்றெண்ணி, காலாவதியான பிஸ்கட்டைக் குப்பையில் கொட்டி நஷ்டப்படாதீர்கள். பில் நம்பரைக் குறிப்பிட்டு விநியோகஸ்தரிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.